அடர்ந்த புதரைக் கடைசிக்கு விடுங்கள்

கேள்வி: நாங்கள் ஒரு இயற்கைப் பூங்காவைப் பராமரிக்கும் சிறு தன்னார்வக் குழு. ஆண்டுதோறும் உண்ணிச்செடி (லன்டானா) என்ற வெளிநாட்டுக் களைப் புதர்களை வெட்டுகிறோம். அடுத்த மழைக்கே முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்துவிடுகின்றன. எங்கே தவறு செய்கிறோம்? பரவலை எப்படிக் கண்காணிப்பது?

பதில்: தவறு வெட்டுவதில்தான் இருக்கிறது. உண்ணிச்செடியில் தண்டும் வேரும் சேரும் இடத்தில் உறங்கும் மொட்டுகள் உண்டு. மேலே அரிவாள் விழுந்ததும் அவை விழித்துக்கொண்டு, ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகளாகக் கிளம்பும். தீ வைத்தாலும் இதே கதைதான். ஒருவர் கவைக்கம்பால் புதரைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை அறுக்க வேண்டும். பிறகு செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள்; ஈர மண்ணில் கிடந்தால் தண்டும் வேர்விடும். டெல்லிப் பல்கலைக்கழகச் சூழலியலாளர் சி.ஆர். பாபுவின் குழு உருவாக்கிய முறை இது. காய் பழுப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி, எங்கே தொடங்குவது. கண்ணை உறுத்தும் பெரும்புதரில்தான் எல்லோரும் இறங்குகிறார்கள். அது வேண்டாம். 1960களில் சிட்னியில் ஜோன், ஐலீன் என்ற பிராட்லி சகோதரிகள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். இயல்பான தாவரங்கள் நன்றாக இருக்கும் பகுதியில் நின்றுகொண்டு, அங்கே தலைகாட்டும் ஓரிரு அந்நியச் செடிகளைப் பிடுங்கினார்கள். அப்புறம் மெல்ல மெல்லப் புதரின் விளிம்பை நோக்கி நகர்ந்தார்கள், அதுவும் சொந்தச் செடிகள் முளைத்து இடத்தை நிரப்பும் வேகத்தில் மட்டும். பெரும்புதரை ஒரே நாளில் அகற்றினால் வெயில் படும் வெற்று மண்தான் மிஞ்சும். அதில் முதலில் வந்து உட்காருவது புதிய உண்ணி நாற்றோ, பார்த்தீனியம் என்ற இன்னொரு களையோதான். தவிர, அந்தப் புதருக்குள் பறவைகள் கூடு கட்டியிருக்கும், சிறு விலங்குகள் பதுங்கியிருக்கும். அவற்றுக்கு வேறு மறைவிடம் உருவாகும்வரை அது நிற்கட்டும்.

கண்காணிப்புக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பூங்கா வரைபடத்தில் 100 மீட்டருக்கு 100 மீட்டர் கட்டங்கள் போடுங்கள். ஒரு கட்டம் ஒரு ஹெக்டேர். ஆண்டுக்கு இருமுறை நடந்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் கொடுங்கள்: இல்லை, சில செடிகள், கால்வாசி, பாதி, அதற்கும் மேல். பூஜ்ஜியத்தை எழுத மறக்கவே கூடாது. 'இங்கே இல்லை' என்ற பதிவு இருந்தால்தான் அடுத்த முறை பார்க்கும் ஒற்றைச் செடி புது வரவு என்று தெரியும், அன்றைக்கே பிடுங்கிவிடலாம். சில இடங்களில் அடையாளக் கல் நட்டு, அதே இடத்தில், அதே திசையில், அதே மாதத்தில் படம் எடுத்து வையுங்கள். நினைவு நம்மை ஏமாற்றும், படம் ஏமாற்றாது.

எல்லாக் கட்டங்களையும் ஒரே கவனத்தோடு பார்க்க ஆள் போதாது. நடைபாதை ஓரம், ஓடைக்கரை, வாகனம் நிறுத்துமிடம், வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டிய இடம் ஆகியவற்றை அடிக்கடி பாருங்கள். பறவைகள் அமரும் மரத்தடிகளை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். உண்ணிப் பழத்தைத் தின்றுவிட்டு அவை விதையைப் போடுவது அங்கேதான். வேலை முடிந்ததும் செருப்பிலும் கருவிகளிலும் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

பார்த்தீனியம் இருந்தால் பூக்கும் முன்பே கையுறை, முகக்கவசத்தோடு வேருடன் பிடுங்குங்கள். ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கும். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும் என்பதால், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த வேலையைத் தராதீர்கள். களைக்கொல்லியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைவேலையால் முடியாத இடமென்றால் உரிய அனுமதியோடு, பயிற்சி பெற்றவர் செய்யட்டும், நீர்நிலைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

உங்கள் வேலைநாட்களை இப்படிப் பிரியுங்கள்: மூன்று நாள் கிடைத்தால் ஒரு நாள் புதிதாக அகற்ற, இரண்டு நாள் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக. அகற்றிய கட்டத்தில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நாற்றுகள் முளைக்கும். விரலால் பிடுங்கும் அளவில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். தானாகப் புல் வராவிட்டால் அதே பூங்காவில் சேகரித்த புல் விதையைத் தூவுங்கள். தொடர்ந்து இரண்டு மழைக்காலம் அந்தக் கட்டம் 0 அல்லது 1-இல் நின்று, சொந்தப் புல்லும் நிலத்தை மூடியிருந்தால், அடுத்த கட்டத்தில் கை வையுங்கள்.