படத்தில் அரசியல் தேடும் பிள்ளை உயர்தரத்துக்கு என்ன எடுக்கலாம்?

அம்மா, சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மகள் வேற்றுக்கிரகப் படங்களாகப் பார்க்கிறாள், அதில் அகதி யார், கம்பனி யார், கூலி யார் என்று கொப்பி நிறைய எழுதுகிறாள், உயர்தரத்தில் ஊடகக் கற்கைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். ஹட்டனில் இருந்துகொண்டு இதைப் படித்து என்ன வேலைக்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கொப்பியைப் பறிக்க வேண்டாம். இந்த ஆசைக்கு வேலை உண்டு. ஆனால் படம் பார்ப்பதற்கு யாரும் சம்பளம் தரமாட்டார்கள். பார்த்ததை ஆதாரத்தோடு எழுதத் தெரிந்தவருக்குத்தான் தருவார்கள்.

முதலில் பாடத் தெரிவு. கலைப்பிரிவில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும், அரசியல் விஞ்ஞானம், மூன்றாவதாகத் தமிழ் அல்லது வரலாறு எடுத்தால் இவளுடைய நாட்டத்துக்குப் பொருந்தும். ஆனால் பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் நேரில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஆசிரியர் இல்லாத பாடத்தை ரியூசனை மட்டும் நம்பி எடுக்கும் பிள்ளைகளுக்கு பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி அங்கேதான் அடிவாங்கும். பொது ஆங்கிலம் இசட் புள்ளியில் சேராது என்பதால் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். இந்தத் துறைக்குப் போகிறவள் அதை விடவே கூடாது.

இனி அந்தக் கொப்பி. இந்த வயதில் வரும் முதல் பிழை, கதையை மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘இது முதலாளித்துவத்துக்கு எதிரான படம்’ என்று முடிப்பது. இதற்கு மருந்து, ஒரே படத்தை இரண்டு தரம் பார்ப்பது. முதல் தரம் எழுதாமல், நிறுத்தாமல் பார்க்கட்டும். இரண்டாம் தரம் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு, நேரம், கண்ணில் பட்டது, காதில் விழுந்தது என்று மட்டும் குறிக்கட்டும். விளக்கம் அதற்குள் வரக்கூடாது. யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் பெயரில்லாமல் சாகிறார், யார் கையெழுத்துக் கேட்கிறார், யார் போடுகிறார், முடிவில் பழைய ஒழுங்கு திரும்புகிறதா, உடைகிறதா என்பதெல்லாம் பதிவாக வேண்டும். அதன் பிறகுதான் படம் வந்த ஆண்டையும் நாட்டையும் தேடிப் போவது.

ஜப்பானின் ‘காட்ஸில்லா’வில் தொடங்கச் சொல்லுங்கள். 1954 மார்ச் 1ஆம் திகதி பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைதரசன் குண்டின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் இருந்த 23 பேர் மீது விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த படம், கடலில் திடீரென ஒளி வெடித்துக் கப்பல் எரிவதில் தொடங்குகிறது. செய்தியையும் காட்சியையும் பக்கத்தில் வைத்தால் வாதத்துக்குக் கால் கிடைத்துவிடும். 1956இல் வந்த அமெரிக்கப் பதிப்பில் ஓர் அமெரிக்க நிருபரைச் சேர்த்து, அணுகுண்டு பற்றிய பேச்சைக் குறைத்தார்கள். வெட்டப்பட்டது எது என்பதும் ஆதாரம்தான்.

அடுத்தது ‘டிஸ்ட்ரிக்ட் 9’, 2009. ஜொகன்னஸ்பேர்க்கில் ஓர் அதிகாரி கையில் படிவத்தோடு குடிசை குடிசையாகப் போய், வெளியேற்றப் பத்திரத்தில் வேற்றுக்கிரகவாசிகளிடம் கையெழுத்து வாங்குகிறார். கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி 1966இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டு, 60,000க்கும் அதிகமானோர் கிளப்பப்பட்டது இதன் பின்னணி. தோட்ட லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் படிவக் காட்சி உறைக்கும். மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நினைவுக்கு வரும். வரட்டும். ஆனால் ‘இது எங்கள் கதை’ என்று அங்கேயே நிறுத்தினால் இரண்டாம் பிழை. பொருந்தாததையும் எழுத வேண்டும். அந்தப் படத்தில் வேற்றுக்கிரகவாசிகளின் உழைப்பு யாருக்கும் தேவையில்லை. மலையகத்தில் உழைப்பை வைத்துக்கொண்டு உரிமையைத்தான் மறுத்தார்கள். அதற்கு 2013இல் வந்த ‘எலிசியம்’ கிட்ட வரும்: தங்களை அடிக்கும் பொலிஸ் ரோபோக்களை அந்தப் படத்தின் தொழிலாளரே தொழிற்சாலையில் செய்கிறார்கள். இந்த வித்தியாசத்தை ஒரு பத்தியில் எழுதிக் காட்டினால் அவள் தேறிவிட்டாள். ‘டிஸ்ட்ரிக்ட் 9’ நைஜீரியர்களைக் காட்டிய விதத்துக்கு நைஜீரிய அரசே எதிர்ப்புத் தெரிவித்தது. ஒதுக்கலைக் கண்டிக்கும் படத்துக்குள்ளும் ஒதுக்கல் இருக்கலாம் என்பதை அவள் சீக்கிரமே கற்கட்டும்.

ஒரே படத்துக்கு எதிரெதிர் வாசிப்புகள் வருவதும் உண்டு. ஊராரின் இடத்தை அதே உருவமுள்ள, உணர்ச்சியற்ற வேற்றுக்கிரகப் பிரதிகள் பிடிக்கும் ‘இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாட்ச்சர்ஸ்’ (1956) படத்தைக் கம்யூனிசம் ஊருக்குள் புகும் பயமாகவும், அக்கால அமெரிக்காவின் கம்யூனிஸ்ட் வேட்டையில் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடும் பயமாகவும் வாசிக்கிறார்கள். இரண்டையும் எழுதி, எது கூடுதலான காட்சிகளை விளக்குகிறது என்று அவள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பரீட்சைத் தாளில் ‘ஆராய்க’ என்று கேட்பது இந்தப் பயிற்சியைத்தான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு படம், 500 சொல்லில் ஒரு கட்டுரை போதும். பரீட்சை ஆண்டில் மாதம் ஒன்றாகக் குறைக்கலாம். நல்லதாகப் பத்துக் கட்டுரை சேர்ந்தால் நேர்முகத் தேர்வில் நீட்ட ஒரு கோப்பு இருக்கும். பாடசாலைச் சஞ்சிகைக்கும் தமிழ் மொழித் தினக் கட்டுரைப் போட்டிக்கும் இதே பழக்கம் உதவும்.

வேலை என்று பார்த்தால், விமர்சகர் என்ற பதவியை மட்டும் நம்ப வேண்டாம். செய்தி ஆசிரியர் பீடம், வானொலி, தொலைக்காட்சி, ஆசிரியத் தொழில், ஆய்வு உதவியாளர், மொழிபெயர்ப்பு ஆகியவைதான் நடைமுறை வழிகள். மலையகப் பிள்ளைகளில் பலருக்குச் சிங்களம் பேச வரும். அதை எழுதவும் வாசிக்கவும் பழகி ஆங்கிலத்தையும் சேர்த்தால் மொழிபெயர்ப்பிலும், திரையின் அடியில் வரும் உபதலைப்பு எழுதுவதிலும் இடம் உண்டு. உபதலைப்பு வழமையாக இரண்டு வரிக்கு மேல் போகாது, ஏழு விநாடிக்கு மேல் திரையில் நிற்காது. சுருக்கி எழுதத் தெரியாதவர் அங்கே நின்றுபிடிப்பது கஷ்டம்.

பட்டப்படிப்புக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஊடகக் கற்கைகள் துறை, பேராதனையின் அரசியல் விஞ்ஞானத் துறை, மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் ஆகியவற்றைப் பாருங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைநூலின் அந்த ஆண்டுப் பதிப்பை எடுத்து, ஒவ்வொரு கற்கைநெறிக்கும் கட்டாயப் பாடம் என்ன, மொழிமூலம் எது, உளச்சார்புப் பரீட்சை உண்டா என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உளச்சார்புப் பரீட்சைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறிவித்தலைத் தவறவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு இருந்தாலும் அந்தக் கற்கைநெறிக்குத் தெரிவாக முடியாது.