நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்கிறார்களா? முதலில் படத்தைக் கையில் வாங்குங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 60 வயது. ஏற்காடு மலையில் நாகலூரில் காபித் தோட்ட வேலை. மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், நடந்தால் மூச்சு வாங்குகிறது. சேலத்தில் எக்ஸ்ரே எடுத்ததில் வலது பக்கம் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். வாசலில் நின்ற ஒருவர், இன்றைக்கே சி.டி. எடுத்து ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆபத்து என்கிறார். படத்தில் நீர் எப்படித் தெரியும்?

பதில்: அந்த வாசல் ஆளை முதலில் விட்டுவிடுங்கள். உங்களை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாரோ, அங்கே அவருக்குக் கமிஷன் உண்டு. மலையிறங்கி வருகிறவர்களின் பயம்தான் இவர்களுக்குப் பிழைப்பு. இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், யாரும் தடுப்பதாக இல்லை.

எக்ஸ்ரேயில் காற்று கறுப்பு, நீர் வெள்ளை. நுரையீரலின் அடியில், விலா எலும்பும் உதரவிதானமும் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) சேரும் மூலை கத்தி முனைபோல் கூராக இருக்க வேண்டும். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் நீர் தேங்கினால் அந்த மூலை மழுங்கும். நீர் கூடக் கூட வெள்ளை மேலேறி, வெளி ஓரத்தில் வளைந்து நிற்கும். மூலை மழுங்கவே ஏறக்குறைய 200 மில்லி வேண்டும். நுரையீரலுக்குள்ளேயே நீர் என்பது வேறு விஷயம்: பெரும்பாலும் இரண்டு பக்கமும் வெளுக்கும், இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கும். அப்பாவுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் என்பதால், உறையில் கோத்த நீராகவே தெரிகிறது.

ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: படம் நின்றபடி எடுத்ததா, படுக்கவைத்து எடுத்ததா? படுத்திருந்தால் நீர் முதுகுப் பக்கம் பரவிவிடும். வளைகோடு இருக்காது, மூலைகூடக் கூராகவே தெரியலாம். அந்தப் பக்கம் முழுக்க ஒரு மங்கல் மட்டும் விழும். ஏற்காட்டில் பனி இறங்கும்போது சில்வர் ஓக் மரங்கள் மங்கலாகத் தெரியுமே, அதுபோல ரத்தக்குழாய்கள் அதனூடே தெரியும். இதைச் சளி என்று சொன்னவர்களும் உண்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பியவர்களும் உண்டு. அப்பாவால் நிற்க முடிந்தால் நின்றபடி ஒரு படம் எடுங்கள்.

அடுத்தது சி.டி. இல்லை, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கொஞ்சம் நீர் இருந்தாலும் காட்டிவிடும், ஊசி போடும் இடத்தையும் குறித்துத் தரும். ஊசியில் சிறிது நீர் எடுத்துப் பரிசோதித்தால்தான் காரணம் தெரியும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோய். கத்தி வைக்கிற பேச்சே இப்போது வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், சளியையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காசநோய் என்றால் மாத்திரை இலவசம்.

அப்புறம், ஃபிலிமைத் தராமல் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவை அனுப்பிவிடுகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவர் அந்த போனை நீட்டும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. பார்க்க வேண்டிய அந்த அடிமூலைதான் போட்டோவில் வெட்டுப்பட்டிருக்கும். காசு கொடுத்தது நீங்கள், ஃபிலிமைக் கேட்டு வாங்குங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ படத்துக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.