அப்பத்தாவின் இரண்டு ஓட்டு

வணக்கம் ஐயா,

எங்கள் வீட்டில் தேர்தல் பேச்சை எடுத்தால் சண்டையில்தான் முடியும். அப்பா "மதுரை எம்.ஜி.ஆர். கோட்டை" என்பார். பெரியப்பா "அது ஒரு காலம், இப்போ சூரியன்தான்" என்பார். நான் 2019-லும் 2024-லும் சு. வெங்கடேசனுக்குப் போட்டவன். "கம்யூனிஸ்டுக்கு மதுரையில் என்ன இருக்கு? கூட்டணி தயவில் ஜெயிக்கிறான்" என்று இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துகொண்டு என்னை மடக்குகிறார்கள். உண்மையில் மதுரை யாருடைய கோட்டை?

இன்னொன்று. தொண்ணூறு வயதைத் தாண்டிய என் அப்பத்தா, முதல் தேர்தலில் டில்லிக்கு இரண்டு ஓட்டுப் போட்டதாக அடிக்கடி சொல்லும். ஒரு ஆளுக்கு ஏது இரண்டு ஓட்டு என்று நாங்கள் சிரிப்போம். அதில் ஏதாவது இருக்கிறதா?

பெயரைப் போட்டுவிட வேண்டாம். அப்பாவும் உங்களை வாசிப்பவர்.

வில்லாபுரம், மதுரை.

*

அன்புள்ள தம்பி,

அப்பத்தாவில் இருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வது நிஜம்.

1952 தேர்தலில் மதுரை பார்லிமெண்ட் தொகுதி இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.பி.க்கள், அதில் ஒரு இடம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. அன்றைக்கு இன்று போல ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் அச்சடித்து முத்திரை குத்தச் சொல்லும் முறையும் கிடையாது. மறைவுக்குள் வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வரிசையாக வைத்து, பெட்டி மேல் சின்னத்தை ஒட்டியிருப்பார்கள். கையில் வாங்கிய சீட்டை, வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். படிக்கத் தெரியாத பெண்கள் மாட்டுப் படத்தையும் கதிர் அரிவாள் படத்தையும் பார்த்து நாட்டின் முதல் பார்லிமெண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் அப்பத்தா அவர்களில் ஒருவர். அந்த இரட்டைத் தொகுதி முறை 1961-ல் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டது. அதனால்தான் உங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்த இரண்டு ஓட்டில் மதுரை அனுப்பிய இருவரும் காங்கிரஸ்காரர்கள். ஒருவர் எஸ். பாலசுப்ரமணியம். இன்னொருவர் மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன். 1939 ஜூலையில், தாழ்த்தப்பட்டோரை உள்ளே விடாமலிருந்த மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் கூட்டிப்போனவர்களில் கக்கனும் உண்டு. கோயில் வாசலைத் தாண்டிய பதின்மூன்றாம் வருடம் அவர் பார்லிமெண்ட் வாசலைத் தாண்டினார். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது தம்பி. அந்த இரண்டாவது சீட்டு எந்தப் பெட்டியில் விழுந்தது என்று அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது கோட்டைக்கு வருகிறேன்.

1952 முதல் 2024 வரை 18 பொதுத்தேர்தல். மதுரை பார்லிமெண்ட் தொகுதியில் உதயசூரியன் ஜெயித்தது ஒரே தடவை, 2009-ல் மு.க. அழகிரி. இரட்டை இலை ஜெயித்ததும் ஒரே தடவை, 2014-ல் ஆர். கோபாலகிருஷ்ணன். மீதி 16 தடவையும் டில்லிக்குப் போனவர்கள் இந்த இரண்டு கட்சியையும் சேராதவர்கள். காங்கிரஸ் 8, மூப்பனாரின் த.மா.கா. 1, இந்தியக் கம்யூனிஸ்ட் 1, மார்க்சிஸ்ட் 5, ஜனதா கட்சிக்காக சுப்பிரமணியன் சுவாமி 1. உங்கள் அப்பாவும் பெரியப்பாவும் நாற்பது வருடமாகச் சண்டை போடுவது ஆளுக்கு ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு.

அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. எம்.ஜி.ஆர். 1980-ல் மதுரை மேற்கில் நின்று ஜெயித்தவர். சட்டமன்றம் என்று வரும்போது மதுரையில் சூரியனுக்கும் இலைக்கும்தான் பெரும்பாலும் போட்டி. ஆனால் டில்லித் தேர்தல் வந்தால் இரண்டு பெரிய கட்சிகளும் மதுரையைத் தோழமைக் கட்சிக்கு விட்டுக்கொடுப்பதே வழக்கமாக இருந்தது. 1971-ல் தி.மு.க. காங்கிரசுக்கு விட்டது. 1977-ல் அ.தி.மு.க. விட்டது. அந்த இரண்டு முறையும் ஜெயித்தவர் ஒரே ஆள், ஆர்.வி. சுவாமிநாதன். 1980-ல் தி.மு.க. கூட்டணியில் ஏ.ஜி. சுப்புராமன் ஜெயித்தார், 1984-ல் அ.தி.மு.க. கூட்டணியில் அதே சுப்புராமன். பிறகு அவர் மகன் ராம்பாபு, 1989-லும் 1991-லும் அ.தி.மு.க. துணையோடு கை சின்னத்தில், 1996-ல் தி.மு.க. துணையோடு சைக்கிள் சின்னத்தில். ஆள் மாறவில்லை. தோள் கொடுத்தவர்கள்தான் மாறி மாறி வந்தார்கள்.

கூட்டணிக் கணக்கு மட்டும்தானா என்று கேட்டால், இல்லை என்பேன். எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அப்பா மில் தொழிலாளி. எங்கள் வீடு அப்போது மதுரை மேற்கில். 1980 ஜனவரியில் பார்லிமெண்ட் தேர்தல். ராத்திரி ஷிப்ட் முடித்து, புருவமெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தவர், முகம்கூடக் கழுவாமல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பூத்துக்குப் போய் கைக்குப் போட்டார். தமிழ்நாட்டில் 39-ல் 37 இடம் அந்தக் கூட்டணிக்கு. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அப்பா அதே பூத்தில் இரட்டை இலைக்குப் போட்டார். அம்மா விடவில்லை, "அஞ்சு மாசத்துல மனசு மாறிப்போச்சா?" என்று கேட்டது. அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "மனசு மாறலடி. அன்னிக்கு டில்லிக்கு ஆள் கேட்டாங்க, சொன்னேன். இன்னிக்கு மெட்ராசுக்குக் கேக்குறாங்க, சொல்றேன்."

அப்பா மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் போட்டது. ஜனவரியில் தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணியை ஜெயிக்க வைத்த மதுரை நகரம், மே மாதம் மேற்கில் எம்.ஜி.ஆரையும், மத்தியில் பழ. நெடுமாறனையும், கிழக்கில் என். சங்கரய்யாவையும் ஜெயிக்க வைத்தது. மூவரும் எதிரணி. 1989-லும் இதே கதைதான், ஆனால் தலைகீழாக. ஜனவரியில் தமிழ்நாடு கலைஞரை முதலமைச்சராக்கியது. நவம்பரில் மதுரை ராம்பாபுவை டில்லிக்கு அனுப்பியது. மதுரைக்காரன் ஒரே வருடத்தில் இரண்டு விதமாக யோசித்து ஓட்டுப் போடத் தெரிந்தவன். அதற்காக அவனை நான் மதிக்கிறேன். கோட்டை என்ற சொல்லே பிடிக்காமல் போனதும் அதனால்தான். கோட்டை என்றால் அதில் மக்கள் காவலாளிகள், அல்லது கைதிகள். இரண்டும் எங்கள் அப்பா இல்லை.

சரி, 'கம்யூனிஸ்டுக்கு மதுரையில் என்ன இருக்கு?' இதற்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ஆர்வி மில்லை உங்கள் தலைமுறை பார்த்திருக்காது. பெரியவர்களுக்கு மதுரா மில்ஸ் என்றால் புரியும். மில் சங்கு ஊதித்தான் பாதி மதுரை எழுந்தது, சமைத்தது, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பியது. திருப்பரங்குன்றம் பக்கத்தில் ஹார்விபட்டி என்ற ஊரே அந்த மில்காரர்களுக்காக உண்டானது. மில் தொழிலாளி, கைத்தறி நெசவாளி, இவர்களின் சங்கங்களில்தான் செங்கொடி வேர் பிடித்தது. 1957-ல் கே.டி.கே. தங்கமணி இங்கே ஜெயித்தார். சீமையில் பாரிஸ்டர் படித்துவிட்டு வந்து தொழிற்சங்கத்துக்கு உழைத்த மனிதர். 1962-ல் காங்கிரஸ் தொகுதியைத் திருப்பி எடுத்தது. அப்போது ஜெயித்தவர் 'மதுரை காந்தி' என்று ஊர் கொண்டாடிய என்.எம்.ஆர். சுப்புராமன். 1967-ல் மறுபடி செங்கொடி, பி. ராமமூர்த்தி. அதே தேர்தலில் சட்டமன்றத்துக்கு மதுரை மேற்கில் சங்கரய்யா, கிழக்கில் கே.பி. ஜானகியம்மாள், இருவரும் மார்க்சிஸ்ட்கள். தி.மு.க. கூட்டணி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஊரில் ஆள் இல்லாத கட்சிக்கு ஒரே நகரத்தில் இத்தனை இடத்தைக் கூட்டணிக்காரர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

நீங்கள் வில்லாபுரம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். உங்கள் வார்டின் கவுன்சிலராக இருந்த லீலாவதியை அப்பாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். கைத்தறி வேலை பார்த்த பெண், மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். வில்லாபுரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று போராடியவர். 1997 ஏப்ரல் 23-ந் தேதி பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். வீட்டில் குழாயைத் திறக்கும்போது ஒரு தடவையாவது அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 'என்ன இருக்கு' என்று அடுத்த தடவை கேட்டால், அவர் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

கூட்டணி தயவு என்பதற்கு, இங்கே எம்.பி.யாக இருந்த மோகன் கதையைப் பாருங்கள். 1998-ல் அ.தி.மு.க. அணியில் நின்று ஜெயித்த சுப்பிரமணியன் சுவாமி, 1999 மார்ச்சில் டில்லியில் கொடுத்த தேநீர் விருந்தில் ஜெயலலிதாவும் சோனியாவும் சந்தித்தார்கள். பிறகு ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொள்ள, ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. மதுரை எம்.பி. டில்லியை அசைத்த வருடம் அது. அடுத்து வந்த தேர்தலில் மார்க்சிஸ்ட் பி. மோகன், அ.தி.மு.க. கூட்டணியில் நின்று தி.மு.க.வின் பொன். முத்துராமலிங்கத்தைத் தோற்கடித்தார். 2004-ல் அதே மோகன், தி.மு.க. கூட்டணியில் நின்று அ.தி.மு.க.வின் ஏ.கே. போஸைத் தோற்கடித்தார். இரண்டு அணியிலும் நின்று ஜெயித்தவருக்கு எந்த அணியின் தயவு என்று சொல்வது? எளிமைக்காக எல்லாக் கட்சிக்காரரும் மதித்த மனிதர். 2009-ல் மறுபடி அ.தி.மு.க. அணி. அந்த முறை அழகிரியிடம் 1,40,985 ஓட்டில் தோற்றார். அதே வருடம் அக்டோபர் கடைசியில் இறந்துபோனார். கூட்டணி உதவும், ஆனால் காப்பாற்றும் என்று எழுதிக்கொடுக்க முடியாது.

1967 முதல் பார்த்தால், கூட்டணியே இல்லாமல் ஒருவர் ஜெயித்தது என்றால் அது 2014. ஜெயலலிதா தனியாக நின்றார், மதுரை ஏறக்குறைய 2 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் கொடுத்தது. உங்கள் அப்பா தாராளமாகப் பெருமைப்படலாம். ஆனால் பத்தே வருடத்தில், 2024-ல், அதே இரட்டை இலை இங்கே மூன்றாம் இடம். வெங்கடேசன் ஜெயித்த வித்தியாசம் 2,09,409. அதற்கு மூன்று வருடம் முன்பு, 2021 சட்டமன்றத் தேர்தலில், இதே தொகுதிக்குள் மேலூரும் மதுரை மேற்கும் இலைக்குத்தான் போட்டிருந்தன. பார்த்தீர்களா, எங்கள் அப்பா காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை.

வீட்டுச் சண்டையில் ஒரு குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரை மாவட்டம் வேறு, மதுரை பார்லிமெண்ட் தொகுதி வேறு. 2008 மறுசீரமைப்புக்குப் பிறகு மேலூரும் மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகிய ஐந்தும் மட்டுமே இதில். திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகருக்கு, சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனிக்கு. 2019-ல் அடிக்கல் நாட்டிய தோப்பூர் எய்ம்சுக்கு மதுரை என்று பெயர். அந்த மண்ணுக்கு எம்.பி. விருதுநகர்க்காரர். திருப்பரங்குன்றத்து மலையைச் சுற்றிக் கும்பிடுகிறவன் மதுரைக்காரன், அவன் ஓட்டு விருதுநகருக்கு. இது எனக்கு இன்றுவரை மனசுக்கு ஒப்பவில்லை.

2019 ஏப்ரல் 18 நினைவிருக்கிறதா? அன்றைக்கே தேரோட்டம், அன்றைக்கே ஓட்டு. மதுரைக்கு மட்டும் ராத்திரி 8 மணி வரை நேரம் கொடுத்தார்கள். நான் காலையில் மாசி வீதியில் தேர் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்து பூத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு வயசான அம்மாவின் உள்ளங்கை வடம் பிடித்துச் சிவந்து கன்றியிருந்தது. மை வைக்க விரலை நீட்டச் சொன்னபோது அந்த அம்மா கையை மடக்கி வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறு தம்பி, வலிக்குது" என்றது. அதிகாரி காத்திருந்தார். வரிசையில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பத்தாவிடம் உட்காருங்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் பெட்டி வைத்திருந்தார்கள், யார் கூட்டிப்போனார்கள், பெட்டி மேல் என்னென்ன படம் பார்த்தார், எல்லாவற்றையும் அவர் சொல்கிறபடியே போனில் பதிவு செய்யுங்கள். இரண்டு ஓட்டையும் யாருக்குப் போட்டார் என்று சொல்லச் சம்மதித்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.