நாலரை மணி அலாரமும் 160 கிலோவும்

கேள்வி: வயது 36, எடை 78 கிலோ. வீடு வேலூர் சத்துவாச்சாரி, வேலை ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நைட் ஷிப்ட். பத்து வாரத்தில் வலுதூக்கும் போட்டி. வாரம் ஆறு நாள், காலை நாலரைக்கு எழுந்து பயிற்சி செய்கிறேன். ஆனாலும் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கம்பியை இடுப்பு உயரத்துக்குத் தூக்குவது) 160 கிலோவைத் தாண்டவில்லை. மகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தரும்போதே தூங்கிவிடுகிறேன். வீட்டில் தினமும் சண்டை. 74 கிலோ பிரிவுக்கு இறங்கினால் ஜெயிக்கலாமா?

பதில்: வாய்ப்பாடு சொல்லித்தரும்போதே தூங்கிவிடுகிறேன் என்கிறீர்களே, டெட்லிஃப்ட் நின்றுபோன காரணம் அதிலேயே இருக்கிறது. பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம்தான். உங்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் தசை சீராவதும் மந்தப்படும், எரிச்சலும் கூடும். சண்டையில் பாதி அதுதான் என்பது என் சந்தேகம்.

ஆறு நாளை மூன்றாக்குங்கள். ஞாயிறு ஒன்று, வார நாளில் இரண்டு. மற்ற காலைகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு நீங்கள் கிளப்பிவிடுங்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் கம்பியில் எடையைக் குறைக்காமல், செட்டுகளை (இடைவெளி விட்டுத் தூக்கும் சுற்றுகளை) மட்டும் மூன்றில் ஒரு பங்காக்குங்கள். ஒரு வாரத்தில் வலு எங்கும் போய்விடாது. ஆனால் ஷிப்ட் முடிந்து நேராக ஜிம்முக்குப் போகும் வேலை வேண்டாம். அந்த நேரத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையில் பைக் ஓட்டிவருவதே எனக்குப் பயமாக இருக்கிறது.

சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு ஆசைப்படாமல் இருக்க முடியாதுதான். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதலில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் உங்கள் ஊர்க்காரர் ஆயிற்றே. அதற்காக ஷிப்டுக்குப் போகிறவர் முழுநேர வீரரின் அட்டவணையைப் பின்பற்ற முடியுமா?

74-க்கு இறங்க வேண்டாம். உங்கள் 78 கிலோவுக்கு உரிய, 83 கிலோ வரையிலான பிரிவிலேயே நில்லுங்கள். சர்வதேச விதிப்படி எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்புதான். வேலூர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நாலு கிலோ இறக்கினால், அந்த இரண்டு மணி நேரத்தில் உடம்பு தேறாது. மேடையில் மயக்கம் வரலாம்.

சாப்பாட்டில் புரதம் நாளுக்கு 125 கிராம் அளவில் வரட்டும். முட்டை, மீன், கோழி, சுண்டல், தயிர் போதும், விலை உயர்ந்த புரதப் பொடி டப்பா தேவையில்லை. கிரியேட்டின் என்ற வலுவுக்கான பொடி சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை அது கொஞ்சம் கூட்டிக் காட்டும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று வீணாகப் பயந்து என்னிடம் வந்தவர்கள் உண்டு.

அப்புறம், மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். இந்த வாரமே பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுவலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ கம்பியைக் கீழே வைத்துவிட்டு நேரில் வாருங்கள். சிறுநீர் போவதில் சிரமம் என்றால் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.