சலிப்பா, மனச்சோர்வா? – வாசகர் கேள்வி பதில்

சர்க்கரை நோய் வந்து எட்டு வருடம் ஆகிறது. சில மாதங்களாக மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. சுகர் பார்ப்பதையும் தள்ளிப்போடுகிறேன். ஆனால் வேலை, நண்பர்கள், சினிமா எதிலும் ஆர்வம் குறையவில்லை. இது மனச்சோர்வா?

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், இது நோயைப் பராமரித்துப் பராமரித்து வந்த சலிப்பு போலத் தெரிகிறது. மனச்சோர்வு உள்ளவருக்குப் பிடித்த விஷயமும் பிடிக்காமல் போகும். உங்களுக்கு வெறுப்பு மாத்திரை மீதும் மீட்டர் மீதும்தான். இதை அளக்க ‘பெய்ட்’ என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தத்தை 1.25ஆல் பெருக்க வேண்டும். 40 அல்லது அதற்கு மேல் வந்தால் சலிப்பு அதிகம். மனச்சோர்வுக்கான மாத்திரை இதற்குச் சரியான மருந்து அல்ல. சுமையைக் குறைப்பதுதான் வழி. எது அதிகம் கனக்கிறது? விரலில் குத்துவதா, நேரக் கட்டுப்பாடா, வீட்டார் கண்காணிப்பா? அதை மட்டும் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வேளைகளைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ பல நேரம் இடமிருக்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

பலர் பரிசோதனையையே கைவிடுவதற்குக் காரணம், மீட்டரில் வரும் எண்ணை மார்க் ஷீட் மாதிரி பார்ப்பது. பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசாலும் அட்ரினலினும் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றும். சாப்பாட்டில் தப்பே இல்லாத நாளிலும் எண் ஏறலாம். ‘கட்டுப்பாடே இல்லை’ என்று யாராவது திட்டினால் அடுத்த முறை டெஸ்ட்டே நடக்காது, அவ்வளவுதான்.

மனச்சோர்வு இல்லை என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. மனச்சோர்வை அளக்கும் ‘பிஎச்க்யூ-9’ என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும், மொத்த மதிப்பெண் 27. அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பாருங்கள். ஒரு சிக்கல்: அசதி, தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் உடல் நோயாலேயே வரும், அதனால் மொத்தம் ஏறிவிடும். ஆகவே முதல் இரண்டு கேள்விகளைத் தனியாகப் பாருங்கள்: ஆர்வம் இழந்தது, மனம் துவண்டது. இரண்டும் சேர்த்து ஆறுக்கு மூன்று வந்தாலே கவனிக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே மருத்துவ உதவி தேவை.

எனக்கு முடக்குவாதம். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் முடித்துவிடுவேன். அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். ‘நேற்று நன்றாகத்தானே இருந்தாய்’ என்கிறார்கள்.

நன்றாக இருக்கும் நாளில்தான் தப்பு நடக்கிறது. வலி வந்த பிறகு நிறுத்துவதால், வலிதான் உங்கள் கால அட்டவணை ஆகிவிடுகிறது. ஐந்து நாட்கள், ஒரே வேலையை வலி கூடும்வரை எத்தனை நிமிடம் செய்ய முடிகிறது என்று குறியுங்கள். 12, 20, 15, 10, 18 என்று வைத்துக்கொள்வோம், சராசரி 15. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 12 நிமிடம் உங்கள் அளவு. அலாரம் அடித்ததும் நிறுத்துங்கள், நன்றாக இருந்தாலும். கஷ்டம் அந்த இடத்தில்தான். ஓய்வுக்குப் பின் மறுபடி 12. இரண்டு வாரம் சிரமமில்லாமல் போனால் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் இந்தக் கணக்கு செல்லாது, டாக்டரிடம் பேசுங்கள். ‘எம்இ’ எனப்படும் நாட்பட்ட களைப்பு நோய் உள்ளவர்கள் இப்படிப் படிப்படியாகக் கூட்டவே கூடாது.

வீட்டாருக்கு விளக்கம் சொல்லி மாளாது. அந்த ஐந்து நாள் குறிப்பைக் காட்டுங்கள்.

அம்மாவுக்கு சிஓபிடி எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சு வாங்குமே என்று ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. ஆனாலும் எங்கள் மீதே எரிந்து விழுகிறார்.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. அன்பாகச் செய்தாலும், கேட்காமல் பிடுங்கிச் செய்யும் உதவி ‘உன்னால் முடியாது’ என்றுதான் கேட்கும். உடலுக்கும் நஷ்டம்: மூச்சிரைப்புக்குப் பயந்து அசையாமல் இருந்தால் தசை பலமிழக்கும், பலமிழந்த தசைக்கு அதே வேலைக்கு அதிக மூச்சு வேண்டும். பிறகு பயமும் கூடும்.

‘நான் செய்யட்டுமா, பக்கத்தில் நிற்கட்டுமா, நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா?’ என்று கேளுங்கள். துணி மடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நின்று குனிந்து மடித்தால் இரைக்கும். நாற்காலியில் உட்காரவைத்து, துணியை இடுப்பு உயரத்தில் வையுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விடச் சொல்லுங்கள். கையைத் தூக்குவது மூச்சை விடும்போது. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி கிடைத்தால் அவசியம் சேருங்கள். வழக்கத்தைவிட இரைப்பு கூடினாலோ, சளியின் நிறம் மாறினாலோ தாமதிக்க வேண்டாம்.

‘பாசிட்டிவாக’ இருந்தால் நோய் குணமாகும் என்கிறார்களே?

ஆகாது. அந்த வற்புறுத்தலால் பலர் வலியை மறைத்து, டாக்டரிடம்கூட ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். மனித உறவு பற்றிய சான்று இதைவிடத் திடமானது. 2010இல் வெளியான, 148 ஆய்வுகளைத் தொகுத்த ஆய்வில், உறவுகள் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. உறவே நோயைத் தீர்க்கும் என்று இதற்கு அர்த்தமல்ல. நோயைப் பற்றிப் பேசாமல் அரட்டை அடிக்க ஒருவர், ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஒருவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை.