பார்க்கின்சன் நோயில் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது, பிசியோதெரபி உதவுமா?

கேள்வி இதுதான்: அப்பாவுக்குப் பார்க்கின்சன். நடந்துகொண்டே இருப்பவர் அறை வாசலில் வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறார், கால் எழும்பவில்லை. மாத்திரையைக் கூட்டினால் போதாதா, பிசியோதெரபிக்குப் பணம் செலவழிப்பது வீணா?

வீண் இல்லை. என் அப்பாவுக்கும் இதே நோய்தான், மும்பை மாட்டுங்காவில் எங்களோடு இருக்கிறார். நான் டாக்டர் இல்லை. கூடவே இருந்து பார்த்ததையும், நியூராலஜிஸ்டும் பிசியோவும் சொல்லிக் கொடுத்ததையும் வைத்து எழுதுகிறேன்.

கால் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தெளிந்துவிடும். நாம் யாரும் அடுத்த அடியை யோசித்து எடுத்து வைப்பதில்லை, நடை தானாக ஓடுகிறது. அதை ஓட்டுவதில் மூளையின் உட்பகுதியில் உள்ள பேசல் கேங்க்லியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற ரசாயனம் குறையும்போது அந்தத் தானியங்கி வேலை தடுமாறுகிறது. அடி சின்னதாகிறது, கை வீசுவது நிற்கிறது, சிலருக்குக் கால் உறைந்துபோகிறது. ஆனால் யோசித்து, ஒரு குறியைப் பார்த்து அடி வைப்பதற்கு மூளை வேறு வழியையும் பயன்படுத்துகிறது. அந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். நல்ல பிசியோதெரபி செய்வது, நடையை அந்த வழிக்குத் திருப்பப் பழக்குவதுதான்.

எங்கள் கட்டடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சமதரையான ஹாலில் திணறுகிற அப்பா, மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிவிடுவார். பார்ப்பவர்களுக்கு, வீட்டுக்குள் வேண்டுமென்றே செய்கிறார் என்றுகூடத் தோன்றும். அப்படி இல்லை. ஒவ்வொரு படியும் ‘இங்கே கால் வை’ என்று அவருக்குச் சொல்கிறது, வழவழவென்ற டைல்ஸ் தரை எதுவும் சொல்வதில்லை. 2010-ல் நெதர்லாந்து மருத்துவர்கள், சில அடிகளுக்கு மேல் நடக்க முடியாத ஒரு பார்க்கின்சன் நோயாளி சைக்கிளைச் சரளமாக ஓட்டுவதை வீடியோவோடு ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கால் பலவீனம் இதற்குக் காரணம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதனால்தான், சும்மா காலை நீட்டி மடக்கிவிட்டு, கரண்ட் வைத்துவிட்டுப் போகிற பிசியோதெரபி இந்தப் பிரச்சினைக்குப் போதாது. பார்க்கின்சன் நோயாளிகளோடு வேலை செய்து பழகியவர் வேண்டும். எங்கள் வீட்டுக்கு வருகிற பிசியோ மராத்திக்காரப் பெண். அப்பாவை ‘காகா’ (மராத்தியில் சித்தப்பா) என்றுதான் கூப்பிடுவார். முதலில் அப்பா எங்கெங்கே நிற்கிறார் என்று வீடு முழுக்க நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு பாத்ரூம் வாசலுக்கு முன்னால், நடக்கும் பாதைக்குக் குறுக்காக மஞ்சள் டேப் கோடுகள் ஒட்டினார். அப்பா நன்றாக நடக்கும் நேரத்தில் ஓர் அடி எவ்வளவு நீளமோ, அதுதான் கோடுகளுக்கு நடுவே இடைவெளி. கடைசிக் கோடு வாசலைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் சரியாக நிலைப்படியில் நின்றுவிடுவார்கள். கோட்டை மிதிக்காமல் தாண்டச் சொன்னார். அப்பா தாண்டினார்.

சத்தமும் அதே வேலையைச் செய்யும். பல இடங்களில் சீரான இடைவெளியில் ‘டக் டக்’ என்று ஒலிக்கும் மெட்ரோனோம் பயன்படுத்துகிறார்கள், போனிலேயே ஆப் கிடைக்கிறது. ஷண்முகானந்தா சபாவில் தாளம் போட்டுக்கொண்டே கச்சேரி கேட்டவர் என் அப்பா. அவருக்கு ‘தகதிமி’ போதும். நான் சொல்ல ஆரம்பிப்பேன், இரண்டாவது ஆவர்த்தத்தில் அவரே சேர்ந்துகொள்வார், கால் கிளம்பிவிடும். வேகமாகச் சொல்லக் கூடாது. அவசரப்பட்டால் அடி இன்னும் குறுகி, ஓடுகிற மாதிரி முன்னால் சாய்ந்துவிடுவார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் முதலில் விட வேண்டிய பழக்கம், கையைப் பிடித்து இழுப்பது. கால் ஒட்டியிருக்கும்போது உடம்பை மட்டும் முன்னால் இழுத்தால் அவர் விழுவார். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்பதும் வேண்டாம். பக்கத்தில் நின்று, ‘நில்லுங்கள்ப்பா, மூச்சு விடுங்கள், நிமிருங்கள்’ என்று சொல்லுங்கள். பிறகு உடம்பின் எடையை ஒரு காலுக்கு மெதுவாகச் சாய்த்து, மற்றக் காலைப் பெரிய அடியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே உத்தி வேலை செய்யாது. சிலருக்கு உங்கள் பாதத்தை அவர் முன்னால் குறுக்கே நீட்டி, அதைத் தாண்டச் சொன்னால் போதும். எது பலிக்கிறது என்று பிசியோ கூட இருக்கும்போதே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

திரும்புவதுதான் அடுத்த ஆபத்து. நின்ற இடத்திலேயே திரும்பினால் கால் பின்னிக்கொள்ளும். அகலமாக வளைந்து திரும்பச் சொல்வார்கள், ஆனால் மும்பை வீடுகளில் அதற்கு இடம் ஏது? நாங்கள் டீப்பாயைத் தூக்கிவிட்டோம், தரைவிரிப்பை எடுத்துவிட்டோம். சமையலறையில் மட்டும் கடிகார முள் மாதிரி, சின்னச் சின்னதாகக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் திரும்புகிறார். பழைய கட்டடத்துக் கிரில் கதவு லிஃப்டில் ஏறும்போது தனிக் கவனம் வேண்டும். இடுக்கான வாசல், கீழே இடைவெளி, பின்னால் காத்திருப்பவர்களின் அவசரம், மூன்றும் சேர்ந்து காலைக் கட்டிப்போடும். கதவை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், கையில் காபி டம்ளரும் கொடுக்காதீர்கள். நடைக்குப் போக வேண்டிய கவனம் அதில் போய்விடும். வாக்கர் வாங்குவதானாலும் பிசியோவைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், அடிக்கு அடி தூக்கி வைக்க வேண்டிய வாக்கர் சிலருக்கு உறைதலை அதிகமாக்கும்.

சரி, மாத்திரை? அது இல்லாமல் இதெல்லாம் நடக்காது. பலருக்கு மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில்தான் கால் அதிகம் ஒட்டும், எனவே புதிய பயிற்சியை மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பருப்பு, பால், தயிர் போன்ற புரதம், பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்து உடம்பில் சேர்வதைச் சிலருக்குக் குறைக்கும், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று டாக்டரிடம் கேளுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவே கூடாது. எழுந்ததும் தலை சுற்றுகிறது என்றால் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தவர் திடீரென்று மோசமானால் சிறுநீர்த் தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம். நோய் தொடங்கிய முதல் வருடத்திலேயே அடிக்கடி விழுந்தால், அது பார்க்கின்சன்தானா என்று நியூராலஜிஸ்ட் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மும்பையில் சயான், கேஇஎம் போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு, கூட்டம் இருந்தாலும் கட்டணம் குறைவு. பார்க்கின்சன்ஸ் டிசீஸ் அண்ட் மூவ்மென்ட் டிஸார்டர் சொசைட்டி என்ற அமைப்பு 2001-லிருந்து இங்கே நோயாளிகளையும் குடும்பத்தாரையும் குழுவாகச் சேர்த்து உடற்பயிற்சி உட்படப் பலதும் செய்கிறது. தனியாகப் பயிற்சி செய்ய மறுக்கும் அப்பா, நாலு பேரோடு என்றால் உற்சாகமாகக் கையைத் தூக்குகிறார். பயிற்சியை நிறுத்தினால் பலன் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், ஆகவே பிசியோ வராத நாளிலும் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் வெளியே போக முடியாதபோது நாங்கள் மாடி காரிடாரில் நடக்க வைக்கிறோம், ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு.

பிசியோவைப் பார்க்கப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அப்பா வீட்டில் உறைந்து நிற்பதைப் போனில் வீடியோ எடுங்கள், எந்த வாசல், எத்தனை மணி, கடைசியாக மாத்திரை எப்போது போட்டார் என்று குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரியின் அகலமான வராந்தாவில், டாக்டர் பார்க்கிறார் என்ற கவனத்தில், இவர்கள் பலரும் நன்றாகவே நடந்துவிடுவார்கள், உண்மையான சிக்கல் டாக்டர் கண்ணில் படாமலே போய்விடும்.