தோண்டப் போவது எந்த மண்ணை?

கேள்வி: வரலாற்றில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். கீழடியைப் பார்த்த நாளிலிருந்து தொல்லியல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அமெரிக்காவில் ‘பயன்பாட்டு மானுடவியல்’ என்ற பெயரில் தொல்லியலையும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்களாமே, அது என்ன? அங்கே சேர்ந்துவிட்டு, ஆய்வேட்டுக்கு நம் ஊரில் அகழாய்வு செய்ய முடியுமா? - வாசகி, மதுரை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. இந்தியாவில் அகழாய்வு செய்ய இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். ஒரு முதுகலை மாணவி தனியாளாக வாங்கி, இரண்டு கோடை விடுமுறைக்குள் குழி தோண்டிப் பார்த்துவிட்டுப் போகிற விஷயமில்லை அது. ஆனால் கீழடிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களிடம், 2023-இல் அருங்காட்சியகம் திறந்த பிறகு உங்களுக்கு என்ன மாறியது, நிலம் தோண்டக் கொடுத்தபோது என்ன நினைத்தீர்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதலாம். நீங்கள் கேட்கிற பயன்பாட்டு மானுடவியல் பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், மனிதர்களிடம் பேட்டி எடுப்பதற்கு முன்னாலேயே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். லீவுக்கு வந்த இடத்தில் நாலு பேரிடம் பேசி ரெக்கார்ட் செய்துவிட்டு, அப்புறம் அனுமதி கேட்டால், அந்தப் பேச்சை ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள்.

தொல்லியலையும் மானுடவியலையும் ஏன் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றால், நம் ஊரில் தொல்லியல் வரலாற்றுக்கு உறவுக்காரன், அங்கே அது மானுடவியலின் ஒரு கிளை. பண்பாடு, மொழி, மனித உடல், தொல்லியல் என்று நாலும் ஒரே துறைக்குள் இருக்கும். புளோரிடா மாநிலத்துத் தாம்பா நகரத்தில் உள்ள தெற்கு புளோரிடா பல்கலைக்கழகம் 1974-லேயே பயன்பாட்டு மானுடவியலில் முதுகலை தொடங்கியது, 1984-இல் முனைவர் பட்டமும் வந்தது. அந்த நகரத்தில் 2019-இல் ஒரு சங்கதி வெளியே வந்தது. கறுப்பின மக்களுக்காக 1901-இல் தொடங்கிய சயான் மயானம் ஆவணங்களிலிருந்து மெல்ல மறைந்து, அதன் மேல் குடியிருப்பே கட்டிவிட்டார்கள். தரையூடுருவும் ரேடாரை வைத்துப் பார்த்தபோது சவப்பெட்டிகள் கீழேயே இருந்தன! கல்லறைகளைக் கண்டுபிடிப்பது தொல்லியல் வேலை, சரி. மேலே குடியிருக்கிறவர்களிடம் என்ன சொல்வது, புதைக்கப்பட்டவர்களின் சந்ததியை எப்படித் தேடுவது, மறந்துபோனதை ஊர் எப்படி நினைவில் வைப்பது? அதற்குத்தான் மானுடவியல். அந்தப் பல்கலைக்கழகத்து மானுடவியலாளர்கள் இதையே ஒரு ஆய்வாக எடுத்துச் செய்தார்கள்.

இனி, விளம்பரத்தாளில் இல்லாத பகுதி. அங்கே தொல்லியல் படித்தவர்களில் பெரும்பாலோருக்குச் சோறு போடுவது பல்கலைக்கழகம் இல்லை, ஒரு சட்டம். 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தில் 106-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள சாலை, குழாய், அணை எதுவானாலும், அங்கே பழைய தடயம் பாதிக்கப்படுமா என்று முதலில் பார்த்தாக வேண்டும். பார்த்துக் கொடுக்க தனியார் கம்பெனிகள் இருக்கின்றன. வேலை எப்படி என்றால், புளோரிடாவில் அரை மீட்டர் சதுரத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண்வெட்டியால் குழி, வெட்டிய மண்ணைக் கால் அங்குல வலைச் சல்லடையில் சலித்தல், ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொண்டு குழியை மூடுதல், அடுத்த குழி. வெயில், கொசு, மணிக்கணக்குக் கூலி. இதில் அலுப்பு வராதவருக்குத்தான் இந்தத் துறை.

அதிலும் மேலே போக, மத்திய அரசின் தகுதி விதியில் முதுகலைப் பட்டத்தோடு வட அமெரிக்கத் தொல்லியலில் குறைந்தது நாலு மாதக் கள அனுபவமும் கேட்கிறார்கள். இங்கே குழியில் நின்ற அனுபவம் அந்தக் கணக்கில் சேராது. தேசியப் பூங்காத் துறை மாதிரி அரசு வேலைகளுக்கு அநேகமாகக் குடியுரிமை வேண்டும். மாணவர் விசாவில் படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் வேலை செய்யலாம். எந்தப் பாடம் என்று காட்ட ஒவ்வொரு பட்டத்துக்கும் அங்கே ஒரு குறியீட்டு எண் உண்டு; உங்கள் பட்டம் தொல்லியல் என்ற குறியீட்டில் பதிவாகியிருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்க வழி இருக்கிறது, பொது மானுடவியல் என்றிருந்தால் அந்தச் சலுகை இல்லை. ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர், ஆனால் குறியீட்டால் இரண்டு வருட வித்தியாசம். சேருவதற்கு முன்பே துறைக்கு மின்னஞ்சல் போட்டு, என் விசாப் படிவத்தில் எந்தக் குறியீடு போடுவீர்கள் என்று கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், அவர்களுக்கு இது தினமும் வருகிற கேள்வி.

திரும்பி வந்து இங்கேதான் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், என் அபிப்பிராயம், வட அமெரிக்கக் கள அனுபவத்துக்காகப் பணத்தை இறைக்காதீர்கள். அருங்காட்சியகம், மட்பாண்ட ஆய்வு, புவியியல் தகவல் முறைமை (கணினியில் வரைபடம் வைத்து இடங்களை ஆராய்வது) என்று எங்கே போனாலும் கூட வருகிற கைத்தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் இதே படிப்புக்கு அமெரிக்கா போகிறேன் என்று நிற்கிறாள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா ஐயா? - வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். கம்ப்யூட்டர் படித்தவர் கடன் அடைக்கிற வேகத்தில் இந்தப் படிப்பில் அடைக்க முடியாது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதப்படியும் கொடுக்கிற உதவியாளர் பணி சில துறைகளில் உண்டு, முதுகலையைவிட முனைவர் படிப்பில் அது கிடைக்கிற வாய்ப்பு அதிகம். பல்கலைக்கழக வளாக வேலையும் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அதை நம்பிக் கட்டணம் கட்டலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இடம் மட்டும் கொடுத்துப் பணம் கொடுக்காத துறையென்றால் ஒரு வருடம் காத்திருந்து மறுபடி விண்ணப்பிக்கட்டும், அந்த இடைவெளியில் இங்கே ஏதாவது ஒரு களத்தில் வேலை செய்தால் அடுத்த விண்ணப்பத்தில் எழுத விஷயமும் கிடைக்கும். பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியோடு விண்ணப்பம் முடிந்துவிடும். எந்தப் பேராசிரியரிடம் ஆய்வு செய்ய விருப்பமோ அவருக்கு அக்டோபருக்குள் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.